காலியாகத் தெரியும் அலைவரிசை யாருடையது?

கம்பியில்லா இணையத்துக்குப் புதியதோர் அலைவரிசையைத் திறந்துவிடும் வரைவு விதிகளின்மீது கருத்துச் சொல்ல மத்தியத் தொலைத்தொடர்புத் துறை அளித்த முப்பது நாள் தவணை 2025 ஜூன் மாத நடுவில் முடிந்தது. தென்கேரளத்தின் காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரங்களிலிருந்தும் களியக்காவிளை எல்லைக்கு இப்பால் தமிழகத்திலிருந்தும் அந்நாட்களில் எமக்கு வந்து சேர்ந்த கடிதங்களைப் படித்தால், இரண்டு நம்பிக்கைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரிகிறது. புதிய விதி அமலுக்கு வந்ததும் தங்கள் ஊருக்குக் கேபிள்காரர்கள் டிஷ் வழியே தரும் கம்பியில்லா இணைய இணைப்புகளைத் தடுமாறச் செய்யும் இடையூறு தானே ஒழியும் என்பது ஒன்று; மலிவான ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றை வாங்கி, அது காலியாகக் காட்டும் சானலுக்கு மாறிக்கொண்டால் போதும் என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆதாரமில்லை; பின்னதில் ஆபத்து இருக்கிறது.

வரைவு விதிகள் 5925 முதல் 6425 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று பெருமையோடு அறிவித்தன. ஆனால் வீட்டுக்கு வெளியே அவை அனுமதித்த 'மிகக் குறைந்த ஆற்றல்' என்பது 25 மில்லிவாட் மாத்திரமே என்பதையும், 2005-இல் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டைக்கு மத்திய அரசாங்கம் அனுமதித்த 4 வாட்டில் அது நூற்றறுபதில் ஒரு பங்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு ரப்பர் தோட்டத்தைத் தாண்டி அடுத்த மேட்டுக்கு இணையம் கொண்டு செல்ல விரும்பும் கேபிள்காரருக்கு இவ்விதிகளால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பது விளங்கும். அவர் 2018 அக்டோபரில் விரிவாகத் திறந்துவிடப்பட்ட 5 கிகா ஹெர்ட்ஸ் பட்டையிலேயே இனியும் காலம் தள்ளவேண்டும். அங்கே 'உரிமம் தேவையில்லை' என்ற சலுகையின் மறுபாதி, உங்கள் இணைப்புக்குப் பிறர் தரும் இடையூறிலிருந்து உங்களைக் காக்கும் பொறுப்பை அரசாங்கம் ஏற்கவில்லை என்பதே. ஆதலால், இடையூறு எங்கிருந்து வருகிறது என்று தானே கண்டறியவேண்டிய கட்டாயம் கிராமத்துக் கேபிள்காரருக்கு ஏற்படுகிறது. மலிவான அனலைசரின் அவசியமும் அங்கேதான் பிறக்கிறது.

அனலைசர் மெய்யாகவே பயனுள்ள சாதனம். டிஷ்ஷில் உள்ள ரேடியோ தனக்குப் புரிந்த பாஷையில் பேசும் அயலாரை மாத்திரம் பெயர் சொல்லிப் பட்டியலிடும்; வேறு பாஷையில் பேசுபவரைப் பொருளற்ற இரைச்சலாகத் தள்ளிவிடும். அனலைசரோ பாஷையைக் கேட்பதில்லை. எந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றல் என்பதை மாத்திரம் அளக்கிறது. முன்னாளில் பல லட்சம் ரூபாய் விலைபெற்ற இவ்வித்தையை 2005-இல் அமெரிக்கப் பொறியாளர் ரயன் வுடிங்ஸ் தமது வை-ஸ்பை கருவியின் மூலம் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டைக்குச் சகாயமாக்கினார். இன்று நெதர்லாந்துக்காரரான எரிக் காஷூக் வடிவமைத்த டைனி எஸ்ஏ வரிசையின் 'அல்ட்ரா' கருவி, உள்ளங்கையில் அடங்கும் அளவில், 6 கிகா ஹெர்ட்ஸ் வரை எட்டுகிறது. யுபிக்விட்டி நிறுவனத்து ரேடியோக்களில் ஏர்வியூ என்ற பெயரிலும், மைக்ரோடிக் ரேடியோக்கள் சிலவற்றில் ஸ்பெக்ட்ரல் ஸ்கேன் என்ற பெயரிலும் தனிச் செலவின்றியே இவ்வசதி கிடைக்கிறது.

இனி, இக்கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மலிவான அனலைசர் முழுப் பட்டையையும் ஒரே கணத்தில் பார்ப்பதில்லை. 5150 முதல் 5875 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள 725 மெகா ஹெர்ட்ஸை, ஒரு மெகா ஹெர்ட்ஸுக்கும் குறைவான துண்டு துண்டாக, ஒன்றன்பின் ஒன்றாகத் துழாவிச் செல்கிறது. இடைவிடாது பேசும் டிஷ்ஷை அது தப்பாமல் பிடித்துவிடும். விட்டுவிட்டுப் பேசும் வைஃபையை, ஒவ்வொரு புள்ளியிலும் கண்ட உச்சத்தை அழியாமல் வைத்திருக்கும் 'மேக்ஸ் ஹோல்டு' வசதியின் துணையால் சில நிமிடங்களில் பிடித்துவிடும். ஆனால் இதே பட்டையைப் பங்கிட்டுக்கொள்ளும் வானிலை ரேடாரின் கதை வேறு. அது விநாடிக்குச் சுமார் ஆயிரம் துடிப்புகளை விடுக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரோ விநாடி அளவே நீடிக்கிறது. ஆகவே ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் அது மௌனமாகவே இருக்கிறது. மேலும், விழிஞ்ஞம் கலங்கரை விளக்கின் ஒளியைப் போல அதன் கற்றை ஒரு பாகை அகலத்தில் சுழன்றுகொண்டே இருப்பதால், உங்கள் ஊர் இருக்கும் திசைக்கு அதன் நேரத்தில் முந்நூற்றறுபதில் ஒரு பங்குதான் கிட்டும். இரண்டையும் பெருக்கினால் 3,60,000-இல் ஒரு பங்கு. அந்த அற்பக் கணத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட துண்டுகளுள் சரியான துண்டை அனலைசர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்றால், அது ரேடாரைக் காணத் தவறுவதில் வியப்பென்ன? நெரிசல் மிகுந்த பட்டையில் எல்லாவற்றிலும் காலியாக, அழகிய சமவெளியாகத் திரையில் தோன்றும் இடம் ரேடாரின் இடமாகவே அமைந்துவிடக்கூடும்!

இது எங்கோ உள்ள ரேடாரைப் பற்றிய வீண் கவலை அன்று. தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தாருடைய சி-பட்டை டாப்ளர் வானிலை ரேடார் இருக்கிறது. காட்டாக்கடை முதல் பாறசாலை வரையுள்ள கிராமங்கள் நேர்க்கோட்டில் அதிலிருந்து ஏறக்குறைய இருபது முதல் நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்குகின்றன. இவ்வகை ரேடார்கள் உலகெங்கும் பெரும்பாலும் 5600 முதல் 5650 மெகா ஹெர்ட்ஸ் பகுதியிலேயே இயங்குகின்றன. மழைத்துளியிலிருந்து மீளும் நுண்ணிய எதிரொலியைக் கேட்கவேண்டிய ரேடாரின் செவியில், மேட்டின்மேல் நிற்கும் ஒரு டிஷ் இடைவிடாமல் இரைந்தால், அத்திசை முழுவதும் மையத்திலிருந்து விளிம்புவரை ஒரு கீற்றாகப் படத்தில் படர்ந்து, இல்லாத மழையைக் காட்டும். இருக்கும் மழையை மறைக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் பூந்துறையிலிருந்து தூத்தூர் வரை எத்தனை மீனவக் குடும்பங்களைக் கலங்கச் செய்தது என்பதை அறிந்த நாம், அப்படி மறைவது எத்தகைய செய்தி என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்து வானிலை ரேடாரில் இத்தகைய இடையூறு தோன்றியது. அதன் மூலகாரணம் வெளிப்புற 5 கிகா ஹெர்ட்ஸ் இணைப்புகளே என்று அமெரிக்க அரசாங்கத்தின் ஆய்வு கண்டது. ரேடாரின் குரலைக் கேட்டதும் விலகிக்கொள்ளும் டிஎஃப்எஸ் என்ற ஏற்பாடு ரேடியோக்களில் உண்டென்று தயாரிப்பாளர்கள் கூறுவது உண்மையே. நாட்டின் பெயரை அமைப்பில் மாற்றிவிட்டால் அந்த ஏற்பாடு உறங்கிப்போகக்கூடும் என்பதும் அதே அளவு உண்மை. ஐரோப்பிய நியமம் மற்ற ரேடார் சானல்களில் ஒரு நிமிடம் செவிமடுத்தால் போதும் என்று விட்டு, 5600 முதல் 5650 வரை மாத்திரம் பத்து நிமிடம் கேட்டாகவேண்டும் என்றும், கேட்டுவிட்டால் அரைமணி நேரம் அச்சானலுக்குத் திரும்பலாகாது என்றும் விதிக்கிறது. அதற்கென்றே அமைந்த ரேடியோவுக்கே பத்து நிமிடம் தேவைப்படுகையில், கையிலுள்ள அனலைசரை ஒரு நிமிடம் பார்த்து 'காலி' என்று தீர்மானிப்பது எவ்வாறு நியாயமாகும்?

கடிதங்களில் உள்ள ஏனைய வினாக்களுக்குச் சுருக்கமாக விடை:

தரையில் நின்று அளந்தால் போதுமா? போதாது, டிஷ் இருக்கும் உயரத்தில், அது நோக்கும் திசையில் அளக்கவேண்டும்.

இடையூறு செய்பவரின் பெயர் தெரியுமா? தெரியாது, திசை ஆண்டெனாவைச் சுழற்றித் திசையை அறியலாம்.

திரையில் தோன்றும் சிகரம் எல்லாம் மெய்யா? அல்ல, அனலைசரில் வந்துசேரும் ஆற்றலைத் தணிக்கும் அட்டெனுவேஷனை 10 டெசிபல் கூட்டியதும் திரையில் காட்டும் அளவு மாறினால் அது கருவியே உண்டாக்கிய மாயச் சிகரம்.

கணினியில் செருகும் ஆர்டிஎல் வானொலி டாங்கிள் உதவுமா? சுமார் 1.7 கிகா ஹெர்ட்ஸுக்கு மேல் அது எட்டாது.

மழை பெய்ததும் இணைப்பு தளர்வது இடையூறா? பெரும்பாலும் நனைந்த ரப்பர் இலைகளே காரணம். இரைச்சல் மட்டம் உயராவிட்டால் சானலை மாற்றிப் பயனில்லை.

2023 ஜூனில் கேரள அரசின் கண்ணாடி இழை இணையத் திட்டமான கே-ஃபோன் தொடங்கப்பட்டதே? கண்ணாடி இழை வாசலுக்கு வந்துவிட்ட வீடு அதையே கொள்வது மேல். வராத வீட்டுக்கு அறிவிப்பு இணையம் ஆகாது.

டவர் வைத்திருக்கும் அன்பர்கள், அனலைசரைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அது எவ்வளவு காலியாகக் காட்டினாலும், 5600 முதல் 5650 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள சானல்களை உங்கள் பட்டியலிலிருந்து இன்றே நீக்கிவிடுங்கள்.