உடம்பில் பட்டாசு கட்டி வானில் பறந்த வீரர்கள்... விங்சூட் என்றால் என்ன? சிவகாசிக்காரர்களுக்கு இதில் என்ன பாடம்?

2019 மார்ச் 20. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். இருட்டத் தொடங்கிய நேரத்தில், உயரமான கட்டிடங்களுக்கு மேலே தீப்பொறி கக்கியபடி ஏதோ பறந்து வந்தது. சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்தி செல்போனில் வீடியோ எடுத்தார்கள். "விண்கல்லா? வேற்றுகிரகவாசியா?" என்று சமூக வலைதளமே பரபரப்பானது. கடைசியில் அந்நகரப் போலீசே, "விண்கல் எதுவும் விழவில்லை, இது படப்பிடிப்பு" என்று பதிவு போட வேண்டியதாகிவிட்டது.

பறந்தது மனிதர்கள். ரெட்புல் குழுவின் ஸ்கைடைவிங் வீரர்கள் ஹெலிகாப்டரில் 4,000 அடி உயரத்துக்குப் போய் அங்கிருந்து குதித்தார்கள். உடம்பில் எல்இடி விளக்கு பொருத்திய விங்சூட், கூடவே பொறி கக்கும் பட்டாசு. வேகம் மணிக்கு 190 கிலோமீட்டருக்கும் மேல்.

இந்த வீடியோ இன்னமும் ரீல்ஸில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் 'வாவ்'. ஆனால் பட்டாசு செய்யும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு முதலில் தோன்றுவது வேறு கேள்வி: "துணி தீப்பிடிக்காதா?" சரியான கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்லும் முன், விங்சூட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

விங்சூட் எப்படிப் பறக்கிறது?

உண்மையில் அது பறப்பதில்லை, காற்றில் சறுக்குகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் இருக்கும் சாம்பல் நிற அணில் மரத்துக்கு மரம் தாவும். அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் அணிலும் உண்டு. அது முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் இருக்கும் தோலை விரித்துக்கொண்டு சறுக்கி இறங்கும். விங்சூட் செய்வதும் இதைத்தான். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு துணி, இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு துணி. அந்தத் துணியில் சின்னச் சின்ன வாய்கள் இருக்கும். குதித்தவுடன் அதன் வழியே காற்று உள்ளே புகுந்து, துணி உப்பி இறக்கை மாதிரி விறைப்பாகிவிடும்.

சாதாரணமாக விமானத்தில் இருந்து குப்புற விழும் ஒருவர் மணிக்குச் சுமார் 190 முதல் 200 கிலோமீட்டர் வேகத்தில் கீழே வருவார். நல்ல பயிற்சி உள்ள விங்சூட் வீரர், கீழே இறங்கும் வேகத்தை 100 கிலோமீட்டருக்கும் கீழே குறைத்துவிடுவார். அந்த வித்தியாசம் முன்னோக்கிப் போகும் வேகமாக மாறுகிறது. ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் இரண்டு, மூன்று மீட்டர் முன்னால் போய்விடலாம்.

ஆனால் ஒன்று. இதை வைத்துத் தரையிறங்க முடியாது. கடைசியில் பாராசூட் விரித்தே ஆக வேண்டும். அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. கை இரண்டும் துணிக்குள் இருக்கும். பாராசூட்டை இழுத்துவிட்ட பிறகு, ஜிப்பைத் திறந்து கையை வெளியே எடுத்தால்தான் அதன் கயிறுகளைப் பிடித்துத் திருப்ப முடியும். நடுவானில் உடம்பு பம்பரம் மாதிரி சுழல ஆரம்பித்தால், எங்கே வானம், எங்கே தரை என்றே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் உயிர் போனது?

1912 பிப்ரவரி 4. பாரிஸில் தையல்காரராக இருந்த ஃப்ரான்ஸ் ரைஷெல்ட், தானே தைத்த பாராசூட் உடையோடு ஈபிள் கோபுரத்தின் முதல் தளத்தில் இருந்து குதித்தார். பொம்மையை வைத்துச் சோதிப்பதாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தார். கடைசி நேரத்தில் தானே குதித்தார். உடை விரியவில்லை. அங்கேயே இறந்தார்.

1937 ஏப்ரல் 25. துணியும் இரும்புக் குழாயும் வைத்துச் செய்த இறக்கையோடு பல காட்சிகளில் பறந்து புகழ்பெற்றவர் அமெரிக்காவின் க்ளெம் சோன். பிரான்ஸில் உள்ள வின்சென் நகரில் பெரும் கூட்டத்தின் கண்முன்னே அவரது பாராசூட் விரியவில்லை. வயது 26.

1956 மே 21. பிரான்ஸின் லியோ வாலன்டின், மர இறக்கையோடு லிவர்பூலில் குதித்தார். விமானத்தை விட்டு வெளியே வரும்போதே இறக்கை அடிபட்டது. பாராசூட்டும் கை கொடுக்கவில்லை.

இப்போதைய விங்சூட்டுக்கு வடிவம் கொடுத்தவர் பிரான்ஸின் பாட்ரிக் டி கயார்டன். 1990-களில் மரம், இரும்பு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, துணிக்குள் காற்றை நிரப்பும் முறையை அவர் கொண்டுவந்தார். 1998 ஏப்ரல் 13 அன்று ஹவாய் தீவில் அவரும் இறந்தார். காரணம் அவரது விங்சூட் இல்லை. தன் பாராசூட் பையில் அவரே செய்துகொண்ட ஒரு சின்ன மாற்றம்தான் எமனாக அமைந்தது.

அடுத்த ஆண்டே, 1999-ல், பின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் 'பேர்ட்மேன்' என்ற பெயரில் விங்சூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உடையோடு சேர்த்துப் பயிற்சி முறையும் வந்தது. விங்சூட் ஒரு விளையாட்டாக நிலைத்ததற்கு அந்தப் பயிற்சி முறையும் ஒரு காரணம்.

வழக்கத்தை மீறிய சோதனைகள்

அதன் பிறகு வந்தவர்கள் சும்மா சறுக்குவதோடு நிற்கவில்லை.

2012 மே 23: பிரிட்டன் ஸ்டன்ட் கலைஞர் கேரி கானரி, 2,400 அடி உயரத்தில் ஹெலிகாப்டரில் இருந்து குதித்து, பாராசூட்டே விரிக்காமல் தரையிறங்கினார். விழுந்தது எதன் மேலே தெரியுமா? அடுக்கி வைத்த 18,600 அட்டைப் பெட்டிகள் மேலே! பட்டாசு பேக்கிங் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலி அட்டைப் பெட்டி நசுங்கும்போது அடியின் வேகத்தை எப்படி வாங்கிக்கொள்ளும் என்று. அதே தத்துவம்தான்.

2017: பிரான்ஸின் ஃப்ரெட் ஃபூஜென், வின்ஸ் ரெஃபே இருவரும் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ் மலையில் இருந்து குதித்து, பறந்துகொண்டிருந்த சின்ன விமானத்தின் கதவு வழியாக உள்ளே நுழைந்தார்கள்.

2020: ஆஸ்திரியாவின் பீட்டர் சால்ஸ்மன், பிஎம்டபிள்யூ நிறுவனத்தோடு சேர்ந்து மின்சார மோட்டார் வைத்த விங்சூட்டில் பறந்தார். 15 கிலோவாட் திறன், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். பேட்டரி தாங்குவதோ சுமார் 5 நிமிடம்தான்.

2024 மே 12: ஆஸ்திரிய வீரர்கள் இருவர் லண்டன் டவர் பாலத்தின் நடுவே புகுந்து பறந்தார்கள்.

இந்தியாவிலும் விங்சூட் வந்துவிட்டது. கார்கில் வெற்றியின் 20-ம் ஆண்டையொட்டி 2019 ஜூலையில், விமானப்படையின் விங் கமாண்டர் தருண் சௌத்ரி ஜோத்பூரில் எம்ஐ-17 ஹெலிகாப்டரில் இருந்து 8,500 அடி உயரத்தில் விங்சூட்டோடு குதித்தார். விங்சூட்டில் பறந்த முதல் இந்திய விமானப்படை பைலட் அவர்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ராணி வேடத்தில் குதித்தவர் அதே கேரி கானரி. ஜேம்ஸ் பாண்ட் வேடத்தில் கூடவே குதித்தவர் மார்க் சட்டன். உலகமே கைதட்டியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தில் விங்சூட்டோடு பறந்தபோது மலை முகட்டில் மோதி சட்டன் இறந்தார். அனுபவம் இல்லாமல் இல்லை. மலைக்கு மிக அருகில் பறக்கும்போது, தப்பைத் திருத்திக்கொள்ள நேரமே கிடைக்காது.

சரி, துணி ஏன் தீப்பிடிக்கவில்லை?

விங்சூட் பெரும்பாலும் நைலான் துணி. சுமார் 220 முதல் 260 டிகிரி வெப்பத்திலேயே நைலான் உருகிவிடும். ஒரு சாதாரண கம்பி மத்தாப்பின் பொறியே 1,000 டிகிரியைத் தாண்டும். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருக்கவே கூடாது.

காப்பாற்றுவது காற்றுதான். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகும்போது, கால் பக்கம் கிளம்பும் பொறி அப்படியே பின்னால் அடித்துக்கொண்டு போய்விடும். வால் நட்சத்திரம் மாதிரி தெரிவதும் இதனால்தான். ஆனால் உடம்பு சுழன்றாலோ, பாராசூட் விரிந்து வேகம் திடீரெனக் குறைந்தாலோ, அந்தப் பாதுகாப்பு போய்விடும். தலைக்கு மேலே விரியும் பாராசூட்டும் நைலான்தான். அதனால் எத்தனை விநாடி எரியும், எந்த உயரத்தில் அணையும், எந்தக் கோணத்தில் பொறி போகும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும்.

இங்கேதான் சிவகாசி வருகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித் தரப்படும் அடிப்படைப் பாடங்களில் ஒன்று: பருத்தி உடை போடு, நைலான், பாலியஸ்டர் வேண்டாம். காரணம், செயற்கை இழைத் துணி உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். கண்ணுக்கே தெரியாத அந்தச் சின்னப் பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ளும். மருந்து அறைக்குள் போகும் முன், உடம்பில் இருக்கும் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கும் உலோகத் தகட்டைத் தொடச் சொல்வதும் இதற்காகவே.

அதாவது, மருந்து அறைக்குள் எந்தத் துணி கூடாது என்கிறார்களோ, அதே துணியைப் போட்டுக்கொண்டுதான் அங்கே பட்டாசோடு குதிக்கிறார்கள். முறையாகத் தயாரித்து மூடப்பட்ட குழாய், தேர்ந்த வல்லுநர்கள், பலமுறை ஒத்திகை எல்லாம் இருந்தால்தான் அது சாத்தியம்.

இரண்டு தொழிலுக்கும் ஒரே விதி

பட்டாசு ஆலைகளில் ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம், கலந்த மருந்தை மிச்சம் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டுப்பாடுகள். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால், அது தானாகவே சூடாகிப் பற்றும் ஆபத்து உண்டு. இந்த விதிகளை மீறினால் என்ன ஆகும் என்பதை மாவட்டம் பலமுறை பார்த்துவிட்டது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். உதவி செய்யவும், என்னவென்று பார்க்கவும் ஓடி வந்தவர்களும் அதில் உண்டு.

விங்சூட்டிலும் இதே கதைதான். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதிப்படி, குறைந்தது 200 முறை சாதாரணமாகக் குதித்த பிறகே ஒருவர் விங்சூட்டைத் தொட முடியும். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு சாவு இருக்கிறது.

விருதுநகர் இளைஞர் ஒருவர் இதை முயற்சி செய்ய முடியுமா?

முடியும், ஆனால் வரிசையாகப் போக வேண்டும்.

முதலில் பயிற்சியாளரோடு சேர்ந்து கட்டிக்கொண்டு குதிக்கும் 'டாண்டம்' ஜம்ப். இந்தியாவில் ஹரியானாவின் நார்னால் போன்ற இடங்களில் இதற்கு வசதி உண்டு. அடுத்து தனியாகக் குதிப்பதற்கான பயிற்சியும் உரிமமும். அதன் பிறகு 200 ஜம்ப். அப்புறம்தான் விங்சூட் பயிற்சியாளர். பல வருடம் பிடிக்கும், செலவும் லட்சக்கணக்கில் ஆகும்.

மலையில் இருந்து குதிக்கலாமே என்று யோசிக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 2021 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். விமானத்தில் பட்டாசு கொண்டுபோகப் பயணிகளுக்குத் தடை. வெடிபொருளைக் கையாள பெசோ எனப்படும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகள், வானில் பறக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் என எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. ரீல்ஸ் எடுக்க வேண்டும் என்று பைக்கிலோ, கையிலோ, காலிலோ பட்டாசைக் கட்டிக் கொளுத்தாதீர்கள். தரையில் ஓடும் மனிதருக்குப் பொறியைப் பின்னால் தள்ளிவிடும் அந்த 190 கிலோமீட்டர் காற்று கிடைக்காது. பொறி நேராகத் துணியில்தான் விழும். போட்டிருப்பது பாலியஸ்டர் சட்டை என்றால், அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்படித் தீப்பிடித்துவிட்டால் ஓடாதீர்கள். தரையில் படுத்து உருளுங்கள். குறைந்தது 20 நிமிடமாவது குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காமல், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.