அம்மாவின் 555 புத்தகம்

வீட்டுக்குச் சாயம் அடிக்க அலமாரியை நகர்த்தியபோது பழைய மைலோ டின் ஒன்று கிடைத்தது. உள்ளே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஆறு 555 புத்தகங்கள். ஐம்பதைத் தொட்ட வாசகர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில்தான் கடைக்காரர் நம் கடனை எழுதுவார். சம்பளத்தன்று கூட்டிப் பார்த்து வாங்கிக்கொள்வார். ஆனால் டின்னில் இருந்தவை கடைக்காரர் எழுதியவை அல்ல, அம்மா எழுதியவை.

நாங்கள் வளர்ந்தது கேரி தீவில். லங்காட் ஆறு பிரித்து வைத்திருக்கும் தீவு அது. கடல் தண்ணீர் ஏறாமல் கரை கட்டி, மதகு வைத்துச் சதுப்பு நிலத்தைத் தோட்டமாக்கிய கேரி துரையின் பெயர் இன்றும் அதற்கு நிலைத்திருக்கிறது. எங்கள் காலத்தில் எங்கும் செம்பனைதான். அப்பா குலை வெட்டுவார். அம்மா உதிரிப் பழம் பொறுக்குவார். வெட்டிய குலைக்கு ஏற்பத்தான் கூலி. மழை பிடித்துக்கொண்டால் சம்பளம் சுருங்கிவிடும்.

அதனால் அம்மாவின் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு மாதப் பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே அரிசி, மண்ணெண்ணெய், பள்ளிச் செலவு, பாட்டிக்கு, கூட்டுறவு 10 வெள்ளி. கோட்டுக்குக் கீழே இறால், துணி, படம், விருந்து. நல்ல மாதத்தில் கீழேயும் எண்கள் இருக்கின்றன. மழை மாதத்தில் கீழே வெறும் சுழியங்கள். மேலே ஒரு காசுகூடக் குறையவில்லை. எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரியாது. எது முதலில் என்று தெரியும்.

அந்தக் கூட்டுறவு 10 வெள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கை வாங்கலாம். அப்படிச் சேர்ந்த காசில்தான் சங்கம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு தோட்டமாக வாங்கியது. பத்து வெள்ளியை எடுத்து வைக்க முடிந்த ஆயிரமாயிரம் அடுப்படிகள் இல்லாமல் அது நடந்திருக்காது.

அம்மா தவறே செய்யாதவர் அல்ல. ஒரு புத்தகத்தில் 'கூட்டு 50' என்று தொடர்ந்து ஒன்பது மாதங்கள் இருக்கின்றன. பத்தாவது மாதம் அந்த வரியின் மேல் பேனாவால் அழுத்தி அடித்திருக்கிறார், தாள் கிழியும் அளவுக்கு. கூட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாகப் போய்விட்டார். கூட்டு நடத்துவதைத் தடை செய்து 1971இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆகையால் போலீஸில் சொல்லவும் எல்லோருக்கும் பயம். 450 வெள்ளி. அந்த ஆண்டு தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி ஏன் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

கிள்ளானுக்கு வந்த பிறகு என் கதை வேறு. தோட்டத்தில் வீட்டு வாடகையை நாங்கள் கணக்கில் எழுதியதே இல்லை, லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. இங்கே சம்பளம் பெரிது. ஆனால் வாடகை, கார், பெட்ரோல், இணையம் எல்லாம் அதற்குள்தான். ஊழியர் சேமநிதி வாரியம் மலாயாப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2019இல் 'பெலன்ஜாவான்கு' என்ற செலவு வழிகாட்டியை வெளியிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியாக வாழ்பவருக்குப் பொதுப் போக்குவரத்தில் போனால் மாதம் 1,870 ரிங்கிட், கார் வைத்திருந்தால் 2,490 என்றது அது. வித்தியாசம் 620. எங்கள் வீட்டில் இரண்டு கார்கள்.

நான் புத்தகம் எதுவும் எழுதவில்லை. கடன் அட்டை இருந்தது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று நிம்மதியாக இருந்தேன். பாக்கி 8,000 ரிங்கிட் என்றால் குறைந்தபட்சம் 5 விழுக்காடு, அதாவது 400 ரிங்கிட். ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால் அதில் 120 வட்டிக்கே போகும். அந்த மாதம் மறுபடியும் 300 ரிங்கிட்டுக்கு அட்டையைத் தேய்த்தால் கடன் குறையவே இல்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவும் அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க முன்பணம் கேட்டபோது, இரண்டு அட்டைகளும் ஏற்கப்படாத இரவில். தம்பிதான் கட்டினான். இன்னும் அவனிடம் நேராகப் பேசக் கூச்சமாக இருக்கிறது.

பிறகு ஏகேபிகே அலுவலகத்துக்குப் போனேன். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது, கட்டணம் கிடையாது. திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஆலோசகர் ஒரு படிவத்தைத் தந்து, "எல்லாவற்றையும் எழுதுங்க அக்கா, ரொட்டி சானாய் உட்பட" என்றார். எழுத எழுத வியர்த்தது. வங்கிகளோடு பேசி ஒரே தவணையாக மாற்றித் தந்தார்கள். அட்டைகளை வெட்டினோம், ஒரு காரை விற்றோம். காரை விற்றபோது என் வீட்டுக்காரர் மூன்று நாள் பேசவில்லை.

வரவு செலவுத் திட்டம் போடுவது சுலபம், அதில் நிற்பதுதான் கடினம். கைப்பேசிச் செயலி 11 நாள் ஓடியது. கணினியில் அட்டவணை ஒரு மாதம். கடைசியில் நானும் ஒரு 555 வாங்கி நடுவில் கோடு போட்டேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார், நடைக்கு ஏற்பத்தான் அவருக்கும் பணம். அதனால் கடந்த ஓராண்டில் எந்த மாதம் மிகக் குறைவாக வந்ததோ, அதையே எங்கள் சம்பளமாக வைத்துக்கொண்டோம். மிச்சம் வந்தால் முதலில் கடனுக்கு.

எங்களைக் கவிழ்த்தவை மாதச் செலவுகள் அல்ல, ஆண்டுக்கு ஒருமுறை வருபவை. சாலை வரி, கார் காப்புறுதி, பள்ளித் திறப்பு, தீபாவளி. எல்லாம் கூட்டினால் 3,600. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 300. இப்போது அது கோட்டுக்கு மேலே போய்விட்டது, வேறு கணக்கில், அட்டை இல்லாத கணக்கில். சந்தைக்கு வாரம் ஒருமுறை ரொக்கம். தீர்ந்தால் வீட்டில் இருக்கும் பருப்புதான். மொய்க்கும் தனியாக ஒரு வரி வைத்தேன். "மொய்க்கெல்லாம் பட்ஜெட்டா?" என்று நாத்தனார் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து அவரே ஒரு புத்தகம் கேட்டு வாங்கிப் போனார்.

இந்த மாதம் கேரி தீவில் பழைய பக்கத்து வீட்டு அக்காவின் பேத்திக்குக் கல்யாணம். பாலம் தாண்டிப் போகிறோம். மொய் 100, பெட்ரோல் 20. மகள் புத்தகத்தை வாங்கிக் கோட்டுக்குக் கீழே 'திரும்பும்போது நண்டு' என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.