வாய்ப் புற்றுநோய்: சர்க்கரைப் பரிசோதனைக்குக் காலம் தாழ்த்தலாமா?

மும்பை: தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் பழக்கம் ஊரிலிருந்தே உடன் வந்தது. பல் துலக்கப் பயன்படும் வறுத்த புகையிலைத் தூளான "மிஷ்ரி' மகாராஷ்டிரத்தில் பழக்கமானது. இவற்றால் வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாவோரில் பலருக்கு, சிகிச்சை தொடங்கும் வேளையில் மற்றொரு நோயும் குறுக்கே நிற்கிறது. அது நீரிழிவு.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.4 லட்சம் பேருக்கு உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய் புதிதாக ஏற்படுகிறது. ஆண்களிடையே இதுவே முதலிடம் வகிக்கிறது. நாட்டில் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. ஆகவே ஒருவரிடமே இரு நோய்களும் இருப்பது அரிதல்ல.

ஒவ்வொரு கட்டத்திலும் சிக்கல்

பரேலில் 1941 முதல் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகின்றனர். இத்தகைய நோயாளிகள் சிலருக்கு நீரிழிவு இருப்பதே அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது. சர்க்கரை மிகுந்திருந்தால் புண் ஆறுவது தாமதமாகும். கிருமித் தொற்றும் எளிதில் ஏற்படும். எனவே சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைக்க நேரிடலாம். புற்றுநோயோ அதற்காகக் காத்திருப்பதில்லை.

கீமோதெரபியின்போது வாந்தியைத் தடுக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை உயர்த்தும். கதிர்வீச்சுச் சிகிச்சையில் நிலைமை நேர்மாறானது. வாய் புண்ணாகி உணவு இறங்காத நிலையில், வழக்கமான அளவில் இன்சுலின் செலுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். ஒருமுறை பரிசோதித்தால் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

ஒரே திட்டம், இரு நோய்கள்

இவ்விரு நோய்களையும் ஒரே முயற்சியில் கண்டறிய வழி ஏற்கெனவே உள்ளது. 30 வயதைக் கடந்தோருக்கு ரத்த அழுத்தம், நீரிழிவு, வாய், மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்களைக் கண்டறியும் பரிசோதனைக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2016-ல் வெளியிட்டது. விளக்கொளியில் வாயைப் பார்ப்பதற்கும், விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுப்பதற்கும் சில நிமிடங்களே போதும்.

இதன் பயனுக்குக் கேரளம் சான்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வாயைப் பரிசோதித்ததால், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் வெளியான ஆய்வு கூறியது.

ஆனால், அன்றாடக் கூலியை நம்பி வாழ்வோர் பகலில் நடைபெறும் முகாமுக்கு வருவது கடினம். தாராவியின் தோல் பட்டறைகளிலும் தையல் கூடங்களிலும் வேலை முடியும் நேரத்தில் முகாம் நடத்தினால்தான் அவர்களை எட்ட முடியும்.

வாயில் ஆறாத புண்ணுடன் வருபவருக்கு முதல் நாளிலேயே சர்க்கரைப் பரிசோதனை, நீரிழிவு நோயாளி ஒவ்வொருவருக்கும் வாய்ப் பரிசோதனை, சயான் மாநகராட்சி மருத்துவமனையிலிருந்து பரேலுக்குச் செல்லும் நோயாளியுடன் இவ்விரண்டின் முடிவும் செல்வதற்கு ஏற்பாடு ஆகியவையே உடனடித் தேவை. இவற்றுக்குப் புதிய சட்டமோ, பெரும் நிதியோ தேவையில்லை. மாநகராட்சியும் மாநில சுகாதாரத் துறையும் மனம் வைத்தால் போதும்.