விம்பிள்டனில் வென்ற முதல் பாரதப் பெண்

வளையப்பந்து, எறிபந்து, கோ-கோ என்று ஆடிக் களிக்கும் நமக்கு டென்னிஸ் சற்றுத் தொலைவான ஆட்டமே. புதுக்கோட்டைச் சீமையில் அந்த மட்டையைக் கையில் பிடித்துப் பார்த்த தோழியர் எத்தனை பேர் இருப்போம்? ஆயினும், நம் நாடு அடிமைப்பட்டிருந்த 1934-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயரின் மண்ணில் அவ்வாட்டத்தை ஆடி வென்ற பாரதப் பெண் ஒருவர் உண்டு. அவர்தான் லீலா ராவ்.

லீலா 1911-இல் பிறந்தவர். தந்தை மருத்துவர். தாய் பண்டித க்ஷமா ராவ் வடமொழிப் புலவர். காந்தியடிகளின் அறப்போரைச் 'சத்தியாக்கிரக கீதை' என்னும் காவியமாகப் பாடியவர். அந்த அம்மையாரே நல்ல டென்னிஸ் வீராங்கனை என்பதுதான் நமக்குப் பெருவியப்பு. பெண்ணுக்குப் பள்ளிப் படிப்பே அரிதாயிருந்த நாளில் தாயும் மகளும் மட்டை பிடித்திருக்கிறார்கள்!

லீலா 1931-இல் அகில இந்தியப் பட்டத்தை வென்றார். விம்பிள்டனில் அவருக்கு முன்பே, 1929-இல், ஜென்னி சாண்டிசன் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் ஆடியிருந்தார். ஆனால் ஒற்றையர் ஆட்டத்தில் வெற்றி காணும் பேறு லீலாவுக்கே வாய்த்தது.

அந்த ஆட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் மூன்று 'செட்'களில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர். ஆறு 'கேம்'களை முதலில் எடுப்பவருக்கு அந்த செட். ஆனால் எதிராளியைவிட இரண்டு கேமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இன்றுள்ள 'டைபிரேக்' அன்று கிடையாது. இரண்டு கேம் இடைவெளி வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கிளாடிஸ் சவுத்வெல் என்பவரிடம் லீலா முதல் செட்டை 4-6 என இழந்தார். அடுத்ததையும் விட்டிருந்தால் மூட்டை கட்ட வேண்டியதே. அந்த இரண்டாம் செட் பதினெட்டு கேம்கள் நீண்டது. 10-8 என லீலா பிடித்துக்கொண்டார். மூன்றாவது எளிதாக 6-2. அடுத்த சுற்றில் பிரான்சு நாட்டு ஐடா அடமாஃபிடம் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நம் கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் ஆஸ்திரேலியப் போட்டியில் ஒற்றையர் சுற்று ஒன்றை வென்றது 1998-இல். சானியா மிர்சா விம்பிள்டனில் வென்றது 2005-இல். இடையில் எத்தனை ஆண்டுகள் என்று தோழியரே கணக்கிட்டுப் பாருங்கள்.

லீலா 1943-இல் ஹரீஷ்வர் தயாள் என்னும் அரசு அதிகாரியை மணந்தார். அவர் பின்னாளில் நேபாளத்தில் பாரதத் தூதரானார். லீலாவோ நம் நாட்டு நடனக் கலை பற்றி நூல்கள் எழுதினார்; தாயாரின் கதைகளை வடமொழி நாடகங்களாகவும் ஆக்கினார்.