ஓய்வுப் பணம் வந்ததும் எந்தக் கடனை முதலில் அடைப்பது?

களமருதூர் வட்டாரத்தில் நெல், கரும்பு, மணிலா பயிரிடும் சிறு விவசாயிகளின் வீட்டில் ஒருவர் சர்க்கரை ஆலையிலோ அரசு பஸ்ஸிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றால், சேமநிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கைக்கு வரும். பணம் வருமுன்பே யோசனை சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். போர் போடலாம், கறவை மாடு வாங்கலாம், மனை வாங்கிப் போடலாம் என்பார்கள். புரோநோட்டுக் கடனைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். கையில் 4 லட்சம் ரூபாய். வெளியில் 1 லட்சம் கடன், மூன்று வட்டி. அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். வட்டி மட்டும் ஆண்டுக்கு 36,000 ரூபாய் போகிறது. தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2025இல் வட்டி 8.2 சதவீதம். 4 லட்சத்தையும் அதில் போட்டால் கிடைப்பது 32,800 ரூபாய். 4 லட்சத்தின் வருமானம் 1 லட்சத்தின் வட்டிக்கே போதவில்லை! கடனை அடைத்து மீதி 3 லட்சத்தைப் போட்டால் 24,600 ரூபாய் முழுதும் வீட்டுக்கு மிஞ்சும். போர் போட்டால் தண்ணீர் வரலாம், பாறையும் தட்டலாம். ஆண்டு தவறாமல் 36 சதவீதம் தரும் முதலீடு கிராமத்தில் ஏது?

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் வேறு வகை. தமிழ்நாட்டில் தவணைக்குள் கட்டுவோருக்கு அதில் வட்டி இல்லை. ஆகவே அதை முந்திக்கொண்டு அடைக்க வேண்டியதில்லை. தவணைத் தேதி தவறாமல் இருந்தால் போதும்.

இருப்பது முழுவதையும் கடனுக்கே கொட்டிவிடுவதும் தவறு. ஒரு போகத்துச் சாகுபடிச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஒதுக்கி வைக்காவிட்டால், ஆறே மாதத்தில் அதே வட்டிக்காரர் வாசலில் நிற்க நேரும்.

பணத்தைச் சாட்சிகள் முன்னிலையில் கொடுத்து, ரசீதும் புரோநோட்டும் அன்றே கையோடு வாங்க வேண்டும். 'நோட்டு எங்கேயோ இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன்' என்றால் பணமும் நாளைக்கே. கந்துவட்டி, மீட்டர் வட்டி கேட்பதைத் தடுக்க 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. நிலத்தைப் பதிவு செய்து அடமானம் வைத்திருந்தால், கடன் தீர்ந்த ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று எடுத்து, அந்தப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.