பனித்தளத்துக்கு வெளியே ஐஸ் ஹாக்கி

லடாக்கில் இயற்கையான பனித்தளம் குளிர்கால மாதங்களில் மட்டுமே உறைந்து கிடைப்பதால், இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணியில் பெரும்பான்மையினரான அப்பகுதிப் பெண்களுக்கு, ஆண்டின் எஞ்சிய காலத்தில் கைகொடுப்பது தரைப் பயிற்சியே ஆகும். இவ்வாட்டத்தில் பந்துக்குப் பதிலாக, ‘பக்’ எனப்படும் ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள கடின ரப்பர் வில்லை பயன்படுகிறது. வழுவழுப்பான பிளாஸ்டிக் பலகையைத் தரையில் வைத்து, அதன்மேல் பக்கையோ சிறிய மரப்பந்தையோ மட்டையால் இருபுறமும் தள்ளிப் பழகுகையில், விரல்கள் அதன் இருப்பைத் தொடுவுணர்வாலேயே அறியத் தொடங்குகின்றன. ஆட்டத்தில் குனிந்து பார்ப்பவர் எதிராளியின் வருகையைத் தவறவிடுவார் என்பதால், தலைநிமிர்ந்து செய்யப்படாத பயிற்சிக்குப் பயன் குறைவே.

பக்கை அடிக்கும் பயிற்சியில் மட்டைத் தண்டின் வளைவுத்திறன் பெரிதும் கவனிக்கத்தக்கது. வேகமான அடியின்போது தண்டு வில் போல வளைந்து நிமிர்ந்து பக்கை உந்துகிறது. தண்டின்மீது பொறிக்கப்பட்ட எண், அதன் நடுப்பகுதியை ஓர் அங்குலம் வளைக்கத் தேவையான விசையைப் பவுண்டில் குறிக்கும். ஆண்களுக்கான நீண்ட மட்டையை வெட்டிச் சிறுமியரிடம் கொடுக்கும்போது தண்டு மேலும் விறைப்பாகிறது. அதனை வளைக்க இயலாத சிறுமியின் அடி வலுவிழக்க, குறை மட்டையில் இருக்கப் பழி அவள் உடல்வலிமைமேல் விழுகிறது.

சறுக்கும்போது கால் பக்கவாட்டில் உந்துவதால், ஒற்றைக்காலில் பக்கவாட்டாகத் தாவி நிலைகொள்ளும் பயிற்சி இடுப்பையும் உள்தொடைத் தசைகளையும் வலுப்படுத்துகிறது. தாவலும் திடீர்த் திருப்பமும் மிகுந்த விளையாட்டுகளில் முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழியும் இடர் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் ஆகையால், முழங்கால் உட்புறம் சாயாமல் பாதத்துக்கு நேராக அமையத் தரையிறங்கும் முறையை முதலில் கற்பித்த பின்னரே தாவலின் உயரத்தைக் கூட்டுதல் வேண்டும்.

எனினும் சறுக்குக் காலணியின் அலகு விளிம்பால் பனியைச் சீவித் திடீரென நிற்கும் திறனைத் தரையில் முழுமையாகப் பெற இயலாது. இக்குறைக்கு நடுவிலும், 2016-இல் முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் களமிறங்கிய இந்திய மகளிர் அணி, 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை வென்று முதல் வெற்றியைப் பெற்று, 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. இத்தகைய அணிக்கு ஆண்டு முழுவதும் பனித்தளம் கிடைக்கச் செய்வது விளையாட்டு நிர்வாகத்தின் கடமையாகும்.