திருவனந்தபுரத் தெருக்களில் ஒளிப்பட ஆர்வலர்: உரிமையும் எல்லையும் பரிகாரமும்

திருவனந்தபுரத்தில் ஒளிப்பட ஆர்வலருக்கு ஆண்டு முழுவதும் காட்சிகளுக்குக் குறைவில்லை. கும்ப மாதத்தில் ஆற்றுகால் பொங்காலை, பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம், நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை எல்லையைக் கடந்து எழுந்தருளும் பவனி, பீமாப்பள்ளி உரூஸ், வெட்டுக்காடு தேவாலயத் திருவிழா ஆகியவை ஒருபுறம் இருக்க, தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்தும் சாலைக் கடைத்தெருவின் அன்றாட நடமாட்டமும் சங்குமுகம் கடற்கரையின் மாலைக் கூட்டமும் எந்த நாளிலும் கிடைப்பவை. திருவிதாங்கூரின் காட்சிகளை ஒளிப்படக்காரர் சக்கரியாஸ் டி குரூஸ் பதிவுசெய்த காலத்திலும், 1959இல் ஒளிப்படக் கலைஞர் சிவன் இந்நகரில் ஸ்டூடியோ திறந்த காலத்திலும் ஒரு சிலர் கையில் மட்டுமே இருந்த கருவி இன்று கைப்பேசியாக எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனால் கருவி பரவிய வேகத்தில் அதைப் பற்றிய சட்ட அறிவு பரவவில்லை என்பதால், குற்றமே செய்யாத ஆர்வலர் அஞ்சிப் படத்தை அழித்துவிட்டுத் திரும்புவதும், பிறருடைய மானத்தைக் குலைக்கும் படத்தை எடுத்தவர் அதைத் தம் உரிமை என்று வாதிடுவதும் ஒரே தெருவில் நடக்கின்றன.

பொது இடத்தில் நின்று கண்ணுக்குத் தெரிவதைப் படமெடுப்பதை இந்தியாவில் எந்தச் சட்டமும் பொதுவாகத் தடைசெய்யவில்லை. அரசமைப்பின் 19(1)(அ) உறுப்பு தரும் கருத்துரிமையில் படமெடுப்பதும் அதை வெளியிடுவதும் அடங்கும்; அவ்வுரிமை, அடுத்து வரும் 19(2) உறுப்பு அனுமதிக்கும் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. இதற்கு எதிர்முனையில், 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது, அந்த உரிமை இடத்தை அல்ல, மனிதரைச் சார்ந்தது என்றும், ஒருவர் பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதால் மட்டும் அதை இழந்துவிடுவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதை அறியப் படமெடுத்தல், வெளியிடுதல், விற்றல் என்ற மூன்று செயல்களையும் தனித்தனியே நோக்க வேண்டும். சட்டம் முதலாவதற்கு மிகுந்த இடம் கொடுக்கிறது. இரண்டாவதில் அந்த இடம் குறுகுகிறது. மூன்றாவதில் படத்தில் இருப்பவரின் இசைவு இல்லாமல் இறங்குவது ஆபத்தானது.

இந்த வேறுபாட்டை ஆற்றுகால் பொங்காலையைப்போல் உணர்த்தும் நிகழ்வு இந்நகரில் வேறில்லை. 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற இவ்விழாவில், நகரின் சாலையோரங்களிலும் நடைபாதைகளிலும் செங்கல் அடுப்பு வைத்து மண்பானையில் பொங்கலிடும் பெண்கள் பலர் முந்தைய நாளே வந்து இடம்பிடித்து, அடுப்பருகிலேயே இரவைக் கழிக்கிறார்கள். அடுப்பு மூளும் கணமும், புகைமூட்டத்தில் நகரம் மறைவதும், அருகருகே அமர்ந்த அறிமுகமற்ற பெண்கள் நெருப்பைப் பகிர்ந்துகொள்வதும் எவரும் எடுக்கத்தக்க பொதுக் காட்சிகள். ஆனால் அதே சாலையில் களைத்து உறங்கும் பெண்ணையோ, வெயிலிலும் புகையிலும் ஆடை நனைந்து நெகிழ்ந்த நிலையையோ நெடுந்தொலைவு லென்சால் நெருக்கி எடுப்பது வேறு செயல். கேரளத்தில் அதற்குத் தனிச் சட்டமே உண்டு. கேரள காவல்துறைச் சட்டம், 2011இன் 119(1)(ஆ) பிரிவு, பெண்களின் நியாயமான அந்தரங்கத்தைப் பாதிக்கும் வகையில் எந்த இடத்திலும் படமோ காணொளியோ எடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. ‘எந்த இடத்திலும்’ என்பதால், தெருவில்தானே எடுத்தேன் என்ற வாதம் இப்பிரிவின்முன் நிற்காது.

நாடு முழுமைக்கும் பொருந்தும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, ஒளிந்துநோக்கல் எனப்படும் குற்றத்தைக் கூறுகிறது. உடை மாற்றுதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல் போன்று எவரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பெண் நியாயமாக நம்பக்கூடிய நிலையில் அவரை ஒருவர் பார்ப்பதோ படமெடுப்பதோ இதில் அடங்கும். முதல் முறைக்கு ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. படமெடுக்க அவர் சம்மதித்திருந்து, பிறருக்கு அனுப்பச் சம்மதிக்காதிருந்தால், அனுப்புவதும் இதே குற்றமாகும். எனினும் ஒரு பெண்ணைப் படமெடுப்பது எல்லாமே இக்குற்றமாகிவிடாது: அந்தரங்கத்தை எதிர்பார்க்க இடமில்லாத சூழலில் தோன்றும் பெண்ணைப் படமெடுப்பது ஒளிந்துநோக்கல் ஆகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. அதே வேளையில், பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் நோக்கம் இருந்தால் வேறு பிரிவுகளில் வழக்கு நடக்கலாம் என்ற வழியையும் அத்தீர்ப்பு அடைத்துவிடவில்லை. ஆர்வலர்கள் இத்தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் நினைவில் வைப்பது நல்லதல்ல. தம்மைத் தொடர்ந்து வந்து எடுக்கிறார் என்று ஒரு பெண் முகம் திருப்பினாலோ கையை உயர்த்தினாலோ அங்கே நிறுத்திவிடுவது பண்பு மட்டுமன்று, பின்தொடர்தல் போன்ற குற்றச்சாட்டுகளிலிருந்து காக்கும் வழியுமாகும்.

குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கை இரு மடங்கு தேவைப்படுகிறது. 2025 ஜனவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் மாலை விற்ற ஒரு சிறுமியின் காணொளி பரவியபோது, அவரைக் காணத் திரண்ட கூட்டத்தால் வியாபாரமே நடத்த முடியாமல் அவர் ஊர் திரும்ப நேர்ந்தது. எடுத்தவர்களுக்குத் தீய நோக்கம் இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை, பரவல் ஒன்றே போதுமானதாயிற்று. ஆற்றுகாலில் குத்தியோட்ட நோன்பிருக்கும் சிறுவர்களையோ, சங்குமுகத்தில் அலையில் விளையாடும் பிள்ளைகளையோ அடையாளம் தெரிய வெளியிடுமுன் பெற்றோரிடம் படத்தைக் காட்டி இசைவு பெறுவதை விதியாகவே கொள்ளலாம். குழந்தை பாதிக்கப்பட்டவராகவோ சாட்சியாகவோ தொடர்புடைய விசாரணை, வழக்கு பற்றிய வெளியீடுகளில் அக்குழந்தையின் படத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது.

வெளியிடும்போது படத்தைவிட அதன்கீழ் எழுதும் வரியே பெரும்பாலும் தீங்கு செய்கிறது. சாலையோரம் களைப்பாறும் சுமைதூக்குநரைக் குடிகாரர் என்று குறிப்பது அவதூறு வழக்குக்கு இடம்தரும். பழைய ஊர்வலப் படத்தை இன்றைய மோதலின் சாட்சியாக்குவது சமூகங்களுக்கிடையே பகைமூட்டும் குற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

விற்பனைக்கு வரும்போது நிலைமை அடியோடு மாறுகிறது. சிறைக்கைதி ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பாக எழுந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பெயரையோ தோற்றத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க மீறல் என்று சுட்டியிருந்தது. அந்தக் கூற்றின் கனம் 2025இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் வெளிப்பட்டது: கிராமத்துப் பெண் ஒருவரை உள்ளூர் ஒளிப்படக்காரர் எடுத்து இணையப் படவிற்பனைத் தளத்தில் ஏற்ற, அப்படம் அவருக்குத் தெரியாமலேயே அரசுகளின் விளம்பரங்களில் இடம்பெற்றதாக அவர் முறையிட்டார். மீன் விற்கும் பெண்மணியின் முகம் ஒரு நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் தோன்றினால், எடுத்தவர் அதை அறியாதிருந்தாலும் முதல் கேள்வி அவரிடமே வரும். ஆகவே விற்க எண்ணும் படத்துக்கு இசைவுக் கடிதம் வேண்டும். அது எங்கெல்லாம் பயன்படக்கூடும், ஊதியம் உண்டா என்பதை அவருக்குத் தெரிந்த மொழியில், எழுத்தறியாதவராயின் வாசித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும். மக்களின் முகத்திலிருந்து பணம் ஈட்டுபவர் அந்த மக்களுக்கு இவ்வளவாவது கடமைப்பட்டவர். தனிப்பட்ட, குடும்பப் பயன்பாட்டுக்காகத் தனிநபர் கையாளும் தரவுகளுக்கு 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்றாலும், விற்பனைக்காகச் சேர்க்கும் படத்தொகுப்பு அந்த விலக்குக்குள் அடங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆளைப்போலவே இடமும் முக்கியம். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் கேமராவும் கைப்பேசியும் கொண்டுசெல்லக் கூடாது. 2025 ஜூலையில் கேமரா பொருத்திய கண்ணாடி அணிந்து உள்ளே சென்ற ஒரு பக்தர்மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. தும்பா விண்வெளி மையம், ஆக்குளத்திலுள்ள விமானப்படைத் தலைமையகம், பாங்கோடு ராணுவ முகாம் போன்ற இடங்களை அதிகாரபூர்வ இரகசியச் சட்டம், 1923இன் பின்னணியில் பார்க்க வேண்டும். அவற்றின் வேலியருகே மூன்றுகால் தாங்கியை நிறுத்துவது வேண்டாத தொல்லை. ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் செல்ல விமான நிலைய ஓடுபாதையைக் கடக்கும்போது விமானங்களே நிறுத்தப்படுகின்றன, ஆனால் அந்தப் பகுதி பாதுகாப்புப் படையின் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. 2021இன் டிரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. விமான நிலையம் நகரோடு ஒட்டியிருப்பதால் கிழக்கேக்கோட்டையும் பாளையமும் அந்த வட்டத்துக்குள்ளேயே வருகின்றன.

காவலர் தடுத்தால் என்ன செய்வது என்பதற்குக் கேரளத்தில் தெளிவான விடை உண்டு. வியக்கத்தக்க அளவுக்கு அது அறியப்படாமலே இருக்கிறது. மேற்சொன்ன கேரள காவல்துறைச் சட்டத்தின் 33(2) பிரிவு, காவல்துறையின் எந்த நடவடிக்கையையும் பொதுமக்கள் சட்டத்துக்கு உட்பட்டுப் பதிவுசெய்வதைக் காவலர் தடுக்கலாகாது என்கிறது. குற்றத்தோடு தொடர்புடையது என்ற ஐயம் எழுந்தால் கேமராவைக் கைப்பற்றக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் அதற்குப் பட்டியல் எழுதி, நடுவர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். கைப்பற்றிய பொருளைத் திரும்பப் பெறவும் அதே நீதிமன்றத்தில் மனு செய்யலாம். படத்தை அங்கேயே அழிக்கச் சொல்லும் அதிகாரத்தை இப்பிரிவு தரவில்லை. படம் குற்றச் சான்றானால் அதைக் காப்பதுதான் காவலரின் கடமை, சான்று அல்லாவிட்டால் அழிக்கக் காரணமே இல்லை. அத்துமீறல் நடந்தால் கேரள காவல்துறைச் சட்டத்தின்கீழ் மாநில, மாவட்ட அளவில் அமைந்துள்ள காவல்துறைப் புகார் ஆணையத்தை அணுகலாம். கூட்டத்தில் தனிநபர்கள் வழிமறித்துக் கருவியைப் பறித்தால் அது அவர்கள் செய்யும் குற்றம். வாக்குவாதத்தைத் தவிர்த்து 112ஐ அழைப்பதே பாதுகாப்பு. எடுத்த படத்தைத் திறந்து காட்டிப் பேசினால் பெரும்பாலான சச்சரவுகள் அங்கேயே தீரும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இனி ஆர்வலருக்கே உரிய சொத்துரிமை. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி படத்தை எடுத்தவரே அதன் ஆக்கியோன். எடுத்த கணமே உரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை, 2012 திருத்தத்துக்குப் பின் அது வாழ்நாளும் அதற்கப்பால் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஆனால் கூலி பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டபடி எடுத்த படம், வேறு ஒப்பந்தம் இல்லையெனில், 17ஆம் பிரிவின்படி கேட்டவருக்கே சொந்தம். திருமணப் படங்களைத் தம் திறமையின் மாதிரியாக வெளியிட விரும்புபவர் முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால் அதற்கு உரிமை இல்லாமல் போகலாம். பொது இடத்தில் நிலையாக வைத்த சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட 52ஆம் பிரிவு விலக்களிப்பதால், சங்குமுகத்தில் கானாயி குஞ்ஞிராமன் படைத்த சாகரகன்யகை சிற்பத்தை எடுப்பதில் தடையில்லை. அந்த விலக்கு சுவரோவியங்களைப் பெயரிட்டுச் சேர்க்கவில்லை. எனவே நகரின் மதில்களிலுள்ள ஓவியங்களை மட்டும் தனியே படமெடுத்து விற்கும்முன் ஓவியரின் அனுமதியைக் கேட்பதே முறை.

படம் திருடப்பட்டால், திருடியவரோடு இணையத்தில் சண்டையிடுவதைவிடச் சான்றைத் திரட்டுவதே முதல் வேலை. கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பை மாற்றாமல் வைத்திருப்பது, திருட்டு வெளியீட்டைத் தேதியோடும் முகவரியோடும் திரைப்பதிவாக்குவது, மின்பதிவை நீதிமன்றத்தில் சான்றாக்கப் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்குத் தயாராவது ஆகியவை இதில் அடங்கும். 2013இன் பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதியின்கீழ் எழுத்துப் புகார் பெற்ற இணைய இடைநிலையாளர், புகாரில் அடிப்படை உண்டென உணர்ந்தால், 36 மணி நேரத்துக்குள் அப்படத்தை அணுக முடியாதபடி செய்ய வேண்டும்; 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறக்கப்படலாம். உரிமையாளர் தாம் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடமளிக்கிறது. திருவனந்தபுரத்தவர் வஞ்சியூர் நீதிமன்றத்துக்குப் போனால் போதும், திருடியவரின் ஊரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. இக்குற்றத்தைக் காவல்துறை நேரடியாக விசாரிக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பெயரை நீக்கி வெளியிட்டாலோ சிதைத்துப் பெயரைக் கெடுத்தாலோ 57ஆம் பிரிவு தரும் ஆக்கியோனின் சிறப்புரிமை, பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னும் துணைநிற்கும்.

படத்தில் இருப்பவருக்கான வழிகள் இவற்றினும் விரைவானவை. அந்தரங்க உறுப்பு தெரியும் படமோ போலியாக மாற்றிய படமோ வெளியானால், பாதிக்கப்பட்டவரின் புகாரைப் பெற்ற தளம் அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் முதலில் வகுத்தன. உடல் அந்தரங்கத்தை இசைவின்றிப் படமெடுத்தாலும் பரப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ, எல்லை பாராமல் எந்தவொரு காவல் நிலையத்திலோ புகாரளிக்கலாம். முதல் தகவல் அறிக்கை பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதி, பின்னர் நடுவர் நீதிமன்றத்தை நாடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைச் சட்டப் பணிகள் ஆணையம் அமர்த்தித் தரும். அதற்குரிய தொலைபேசி எண் 15100.